பாரிசவாதத்துக்குப் பின் வரும் மறதி: வீட்டில் பராமரிப்பவர்களுக்கான வழிகாட்டி

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவு மாஞ்சோலையிலோ வார்ட்டில் இருக்கும் நாட்களில் எல்லோருடைய கண்ணும் கையிலும் காலிலும்தான் இருக்கும். விரல் அசைகிறதா, கால் ஊன்றுகிறதா, வாய்க்கோணல் குறைந்ததா என்று பார்ப்போம். மறதி கண்ணில் படுவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு. சாப்பிட்ட கை காயுமுன் "இன்னும் சோறு தரேல்லையே" என்பார். காலையில் வந்து போன தங்கச்சியைப் பின்னேரம் "ஏன் இன்னும் வரேல்லை" என்று தேடுவார். முப்பது வருடத்துக்கு முந்திய காணிப் பிணக்கை மட்டும் எல்லைக்கல் பிசகாமல் சொல்வார். இதைப் பார்த்து வீட்டில் சிலர் "நடிக்கிறார்" என்று கோபிப்பார்கள், சிலர் "மூளை போட்டுது" என்று கைவிட்டுவிடுவார்கள். இரண்டும் பிழை. பாரிசவாதம் வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒருவருக்கு நினைவிலோ கவனத்திலோ சிந்தனையிலோ ஏதோ ஒரு குறை வருகிறது. அதில் ஒரு பகுதி தானே தெளியும். இன்னொரு பகுதியை வீட்டு ஒழுங்கால் ஈடுசெய்யலாம். அந்த ஒழுங்கை எப்படி அமைப்பது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது

பாரிசவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போவது தடைப்படுகிறது, அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. பெரும்பாலானவை முதலாவது வகை. எந்த இடம் பழுதானது என்பதைப் பொறுத்து மறதியின் சாயல் மாறும். இடது பக்கம் பழுதானால் பெயரும் சொல்லும் கேட்ட செய்தியும் தங்காது. வலது பக்கம் என்றால் பாதை, முகம், பொருள் வைத்த இடம் குழம்பும். மூளையின் முன்பகுதி என்றால் பழையது ஞாபகம் இருக்கும், ஆனால் "நாலு மணிக்குக் குளிசை போட வேணும்" என்பது போன்ற இனிச் செய்யவேண்டியவை நழுவும்.

பழைய நினைவுகள் பல இடங்களில் பரவி ஊறியவை, அதனால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. புதிதாக ஒன்றைப் பதிய வைக்கும் வேலைதான் முதலில் அடிபடுகிறது. கை பழகிய வேலைகளின் நினைவு வேறு வழியில் காக்கப்படுகிறது. மகளின் பெயர் வராத அம்மா, உலையில் அரிசி போடும் பதத்தைப் பிழையாமல் பார்ப்பார். இதை மனதில் வைத்திருங்கள். பின்னால் சொல்லும் பயிற்சிகள் எல்லாம் இந்தத் தப்பிய பகுதியைப் பிடித்துத்தான் ஏறுகின்றன.

தெளிவு வேகமாக வருவது முதல் மூன்று மாதம். ஆறு மாதம் வரை கண்ணுக்குத் தெரியும்படி போகும், அதன் பிறகும் மெதுவாக நடக்கும். முதல் இரண்டு வாரத்தில் இரவில் வரும் மாறாட்டத்தைப் பார்த்து "இனி இப்படித்தான்" என்று முடிவு கட்டாதீர்கள்.

மறதியாகத் தெரிவதெல்லாம் மறதியில்லை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். மாற்றக்கூடிய காரணங்கள் அதிகம் கிடப்பது இங்கேதான்.

பேச்சு பழுதானவர், சொல்ல வேண்டியது தெரிந்தும் சொல் வராமல் நிற்பார். "பேரன்ரை பேர் என்ன" என்று கேட்டால் முழிப்பார். படத்தைக் காட்டி "இவன் ஆர், கையை வையுங்கோ" என்றால் சரியாக வைப்பார். அவருக்கு வேண்டியது பேச்சுச் சிகிச்சை. வலது மூளை பழுதானவர் இடது பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமலே விடுவார். கோப்பையில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும், இடப்பக்க மேசையில் வைத்த தேத்தண்ணியை "தரேல்லை" என்பார். இதுவும் மறதி போலத் தெரியும். பார்வையில் பாதி போனவர்களும் உண்டு. கண்ணாடி இருந்தால் அதை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று பாருங்கள். காது கேளாதவர் கேட்காததை எப்படி ஞாபகம் வைப்பார்?

களைப்பு அடுத்தது. பாரிசவாதத்துக்குப் பின் வரும் களைப்பு உறங்கி எழும்பினாலும் போகாது. மாங்குளத்தில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ பஸ்ஸில் வந்து, கிளினிக் வரிசையில் மூன்று மணித்தியாலம் இருந்த ஒருவரிடம் அன்று எதைக் கேட்டாலும் தடுமாறுவார். அந்த நாளை வைத்து அவருடைய நினைவை அளக்கக் கூடாது.

மனச்சோர்வும் மறதி வேடம் போடும். பாரிசவாதம் வந்த மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. சாப்பாட்டில் விருப்பமில்லை, விடிய மூன்று மணிக்கே விழிப்பு, "என்னாலை உங்களுக்குக் கரைச்சல்" என்ற பேச்சு, எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற பதில். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு, சோர்வு தெளியும்போது நினைவும் கூடத் தெளியும். காரணமில்லாமல் திடீரென்று அழுவதும் சிரிப்பதும் வேறு விடயம். அது மூளைக் காயத்தின் விளைவு, துக்கத்தின் அளவு அல்ல. அதையும் சொல்லுங்கள்.

மருந்துகளைப் பாருங்கள். சளிக்கும் கடிக்கும் கடையில் வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசை, நித்திரைக் குளிசை, நரம்பு நோவுக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவை வயதானவர்களின் நினைவை மங்கச் செய்யும். டொக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் வாங்கியதை நிறுத்திவிட்டு, எழுதியதைப் பற்றிக் கேளுங்கள். சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் குளிசையைப் பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 குறையக்கூடும். பி12 குறைவும் தைரொயிட் குறைவும் மறதியைத் தரும், இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். கள்ளோ கசிப்போ பழக்கமிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். திடீரென நிறுத்தினாலும் மாறாட்டம் வரும், ஆகவே நிறுத்துவதும் டொக்டருக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

கடைசியாகத் தண்ணீர். ஆடி ஆவணி வெயிலில், கொண்டல் தொடங்கும் வரைக்கும், வன்னியில் வீட்டுக்குள் இருப்பவருக்கே உடல் வற்றும். பாரிசவாதக்காரர் தாகத்தைச் சொல்ல மாட்டார், எழும்பிப் போய்க் குடிக்கவும் மாட்டார். சிறுநீர் கடும் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ இருந்து அளவு கட்டுப்படுத்தப்படாவிட்டால், நாளுக்கு ஆறு முதல் எட்டுக் கிளாஸ் என்று கணக்கு வைத்துக் கொடுங்கள். விழுங்கும்போது புரையேறுபவருக்கு எந்தப் பதத்தில் கொடுப்பது என்று முதலில் கேட்டறிந்த பிறகே கொடுக்க வேண்டும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று ஆளே மாறிக் கதைத்தால் தண்ணீர்க் குறைவு, சலக்கிருமி, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், சீனி இறக்கம் ஆகிய ஐந்தையும் நினையுங்கள்.

முதல் வாரம்: எழுதுங்கள், சோதிக்காதீர்கள்

ஒரு வாரம் குறிப்பெடுங்கள். என்ன மறந்தார், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, தூக்கம் எப்படி, என்ன சாப்பிட்டார். "எல்லாத்தையும் மறக்கிறார்" என்று சொன்னால் டொக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. "காலையில் தெளிவு, இரண்டு மணிக்குப் பின் ஒரே கேள்வியை நாலைந்து தரம் கேட்கிறார், அடுப்பை இரண்டு தரம் அணைக்காமல் விட்டார்" என்று சொன்னால் அவருக்கு வழி தெரியும்.

பார்க்க வருபவர்கள் கட்டிலடியில் நின்று "என்னை ஆரெண்டு தெரியுதோ, சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்பதைத் தடுத்துவிடுங்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் தெரியாமல் முழிக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குள் வெட்கமும் பயமும் ஏறுகின்றன, பயந்த மனதில் எதுவும் பதியாது. ஊகித்துப் பிழையாகச் சொன்னாலோ அந்தப் பிழையே பதிந்துவிடும். புதியதைப் பதிக்க முடியாத மூளை, தன் வாயால் சொன்ன பிழையைத்தான் அடுத்த முறையும் எடுக்கும். ஆகவே வருபவர் தானே சொல்லிக்கொண்டு வரட்டும்: "மாமா, நான் உங்கடை தங்கச்சியின்ரை மூத்தவன், புதுக்குடியிருப்பிலை இருந்து வாறன்." அது போதும்.

ஊர் கேட்கும்போதும் ஒரு நிதானம் வேண்டும். பத்து இடம் இடம்பெயர்ந்த ஒருவர் "வீடு எங்கை" என்ற கேள்விக்கு 1995க்கு முந்திய ஊரைச் சொன்னால், அது குழப்பமாகவும் இருக்கலாம், தன் உண்மையான வீடு அதுதான் என்ற பதிலாகவும் இருக்கலாம். "இப்ப எந்த வீட்டிலை இருக்கிறம்" என்று கேட்டால் வேறுபாடு தெரியும். பரிசோதிக்கும் டொக்டர் வெளியூர்க்காரர் என்றால் இதைச் சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கில் நினைவையும் சிந்தனையையும் அளக்கும் மொக்கா (MoCA) எனப்படும் சோதனை செய்யலாம். 30 புள்ளி, பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். 26 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாகச் சரி. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கும் பேச்சு பழுதானவர்களுக்கும் புள்ளி குறைவாக வரும், அதனால் எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பதைச் சொல்ல மறவாதீர்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மீண்டும் செய்து ஒப்பிட்டால்தான் அதற்குப் பயன்.

ஆஸ்பத்திரியால் வரும்போது தரும் டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருக்கும், அனுராதபுரத்திலோ கொழும்பிலோ இருந்து திரும்பியவர்களுக்கு விளக்கமும் சிங்களத்தில் கிடைத்திருக்கும். எந்தப் பக்கம், எந்த வகை, எந்த மருந்து எவ்வளவு காலம் என்ற மூன்றையும் உள்ளூர் ஆஸ்பத்திரியில் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாங்குளம் வைத்தியசாலையில் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். வன்னிக்கே உரிய இன்னொன்று: உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். சீரீ ஸ்கானுக்கு அந்த ஆபத்து இல்லை. மறதிக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், காயம்பட்ட கதை தெரிந்தவர் கூடப் போங்கள். பழைய தலைக்காயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நினைவுக் குறையில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

கொப்பியும் பலகையும்

நினைவைத் தலைக்கு வெளியே வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். முண்டியடித்து ஞாபகப்படுத்தச் சொல்வதால் மூளை பலமாகும் என்ற எண்ணத்தை விடுங்கள். பார்த்துச் செய்தாலும் செய்தது செய்ததுதான்.

ஒரு தடித்த அட்டைச் சீஆர் கொப்பி வாங்குங்கள். பல கொப்பி வேண்டாம், துண்டுத்தாள் வேண்டவே வேண்டாம். ஒரு நூலில் பேனையைக் கட்டி அதோடு தொங்க விடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், வயது, என்ன வருத்தம், எப்போது வந்தது, எந்த மருந்து ஒவ்வாது, யாருக்குப் போன் எடுப்பது. இரண்டாம் பக்கத்தில் மருந்துப் பட்டியல். மூன்றாம் பக்கத்தில் வீட்டிலிருப்பவர்களின் படம், பெயர், உறவு. அதற்குப் பின் நாளுக்கு ஒரு பக்கம்: மேலே திகதியும் கிழமையும், கீழே காலை, மத்தியானம், இரவு என மூன்று பிரிவு. செய்ய வேண்டியதை முன்னிரவே எழுதுங்கள். செய்து முடிந்ததும் அவரே சரி போட வேண்டும். வந்தவர் போனவர் பெயரும் அதே பக்கத்தில்.

கொப்பி வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, பெரும்பாலான வீடுகளில் இது தோற்பது இந்த இடத்தில்தான். கொப்பியைத் திறக்க வேண்டும் என்பதே அவருக்கு ஞாபகம் வராது. ஆகவே எப்படியும் நடக்கும் மூன்று வேலைகளோடு அதை முடிச்சுப் போடுங்கள்: காலைத் தேத்தண்ணி, மத்தியானச் சோறு, விளக்கு வைக்கும் நேரம். தேத்தண்ணியோடு கொப்பியும் கைக்கு வர வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் "கொப்பியைப் பாப்பமே" என்று சொல்லி விரலை வரியில் வைத்துக் காட்டுங்கள். நாலைந்து வாரம் சலிக்காமல் செய்தால் கை தானாகக் கொப்பியைத் தேடும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் பேச்சு பழுதானவருக்கும் எழுத்துக்குப் பதில் படம் ஒட்டுங்கள்: குளிசை அட்டையின் வெட்டிய துண்டு, தேத்தண்ணிக் கோப்பை, பஸ்.

கட்டிலில் இருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் சிறிய வெள்ளைப் பலகை ஒன்றைத் தொங்க விட்டு, இன்று என்ன நாள், யார் வருவார்கள், அடுத்த கிளினிக் எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நாட்கலண்டரில் ஒவ்வொரு காலையும் அவரே தாள் கிழிக்கட்டும். முன்னாள் தாளைக் கிழிக்காமல் விட்டால் நாள் முழுதும் பிழை, அதையும் காலைத் தேத்தண்ணியோடு சேர்த்துவிடுங்கள். இடது பக்கத்தைக் கவனிக்காதவருக்கு முதலில் வலது பக்கச் சுவரில் மாட்டுங்கள். பிசியோவிடம் கேட்டுக் கேட்டு மெல்ல நடுவுக்கு நகர்த்தலாம்.

கண்ணாடி, பல்செட், ஊன்றுகோல், போன் ஆகியவற்றுக்கு ஒரே இடம், ஒரு தட்டம். வீட்டிலுள்ள பிள்ளைகள் அதில் வேறொன்றும் வைக்கக் கூடாது. கட்டிலை, அலுமாரியை இந்தக் காலத்தில் இடம் மாற்றாதீர்கள்.

ஒன்றைப் பதிய வைக்கும் முறை

மிக முக்கியமான ஒரு விடயத்தை மட்டும் தலைக்குள் ஏற்ற வேண்டுமென்றால் இடைவெளி கூட்டும் முறை உதவும். வீல்செயாரில் இருந்து எழும்புமுன் பிரேக் போட வேண்டும் என்பதை எடுத்துக்கொள்வோம். காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில், ரேடியோவையும் ரீவியையும் நிற்பாட்டிவிட்டு இருங்கள்.

முதலில் பதிலை நீங்களே சொல்லுங்கள்: "அப்பா, எழும்ப முன்னம் பிரேக் போட வேணும்." உடனே கேளுங்கள்: "எழும்ப முன்னம் என்ன செய்ய வேணும்?" அவர் சொல்லவும் வேண்டும், கையால் பிரேக்கைப் போடவும் வேண்டும். அரை நிமிடம் வேறு கதை கதைத்துவிட்டு அதே கேள்வி, அதே சொற்களில். சரியென்றால் இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள், பிறகு இரண்டு, நான்கு, எட்டு. பிழைத்தால் "பிழை" என்று சொல்லாதீர்கள், யோசிக்கவும் விடாதீர்கள். பதிலைச் சொல்லி, அவரையும் சொல்ல வைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் முதல் கேள்விக்கே சரியான பதில் வந்தால் ஏறிவிட்டது என்று எடுக்கலாம். ஒரு விடயம் முடியாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டாலும் குழம்பும், கேள்வியின் சொற்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

குளிப்பு, உடுப்பு போன்ற பல படி வேலைகளுக்கு, எல்லாப் படியையும் கூடச் செய்து கடைசிப் படியை மட்டும் அவரிடம் விடுங்கள். அது பழகியதும் கடைசி இரண்டு படி. ஒவ்வொரு நாளும் முடித்துவைத்தவர் அவராகவே இருப்பார்.

கதைக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு சொல்தான். "குளிச்சிட்டு வாங்கோ, பிறகு மருந்து போட்டிட்டு மாமா வீட்டை போவம்" என்பது மூன்று வேலை. முதலாவதை முடித்த பிறகு இரண்டாவதைச் சொல்லுங்கள். பதிலுக்கு மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள்.

குளிசை

மறதிக்காரர் கையில் குளிசைப் பை இருக்கக் கூடாது. போட்டதை மறந்து இன்னொரு தரம் போடுவது, போடாததைப் போட்டதாக நினைப்பது, இரண்டும் நடக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வோர்ஃபரின் இரண்டு தரம் போனால் இரத்தக் கசிவு வரலாம். சீனியைக் குறைக்கும் இன்சுலினோ கிளிக்ளசைட் குளிசையோ இரண்டு தரம் போனால், அல்லது போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், சீனி இறங்கும். வியர்வை, நடுக்கம், பிதற்றல் தெரிந்து இரத்தச் சீனி 70 mg/dlக்குக் கீழ் இருந்தால், விழுங்கக் கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். மெசின் இல்லாவிட்டால் அளப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஏழு நாள் பெட்டி பார்மசியில் கிடைக்கும். இல்லாவிட்டால் மூடியுள்ள சிறு டப்பாக்களில் காலை, இரவு என்று நிறத்தாள் ஒட்டலாம். ஞாயிறு பின்னேரம் ஒருவர் நிரப்ப, இன்னொருவர் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும், கொடுத்ததும் கொப்பியில் சரி.

பிரஷர் குளிசையையும் அஸ்பிரினையும் கொழுப்புக் குளிசையையும் "இப்ப சுகம்தானே" என்று நிறுத்துவதால் அடுத்த பாரிசவாதம் வருகிறது, ஒவ்வொன்றும் நினைவில் இன்னொரு படி இறக்கும். கிளினிக் போக பஸ் காசில்லாத மாதம் இங்கே வரும் என்பது தெரியும். குளிசை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கிராமிய வைத்தியசாலையில் கேளுங்கள், முடிந்த பிறகு அலையாதீர்கள். பிரஷர் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு, பாரிசவாதத்தால் பழுதாகாத கையில்.

நினைவைத் திருப்பித் தரும் குளிசை இன்றைக்கு இல்லை. மூளை டொனிக் என்று விற்பதற்குக் காசைக் கரைக்காதீர்கள். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, அதைச் சாப்பாடாகவே கொடுங்கள். வோர்ஃபரின் எடுப்பவருக்குக் கீரை அளவு வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறக் கூடாது. நாட்டு மருந்துக் கசாயம் கொடுப்பதானால் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கிணறு, அடுப்பு, நஞ்சு, கையெழுத்து

கட்டில்லாத கிணறு இருந்தால் ஆள் வீட்டுக்கு வரமுன் சுற்றி அடையுங்கள். பழகிய கால் அதிகாலையில் கிணற்றடிக்குத்தான் போகும். குளிக்கும் தண்ணீரை வாளியில் எடுத்து வையுங்கள். சமைக்க விரும்பும் அம்மாவைத் தடுக்காதீர்கள், அடுப்பை மூட்டுவதும் அணைப்பதும் மட்டும் இன்னொருவர் பொறுப்பு. காஸ் என்றால் சிலிண்டர் வாயைப் பூட்டுங்கள். பூச்சிநாசினியும் களைநாசினியும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த நஞ்சு மறதிக்காரருக்கு வெறும் சோடாதான்.

மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் டொக்டர் சரி சொல்லும் வரை வேண்டாம். கால் தேறியது மட்டும் போதாது, கவனமும் தேற வேண்டும். திறப்பை ஒளித்து வைத்துச் சண்டை பிடிப்பதை விட, டொக்டரைக் கொண்டு அவருக்கு நேரே சொல்ல வைத்து அதைக் கொப்பியில் எழுதிவிடுவது நல்லது. சட்டைப் பையில் அடையாள அட்டைப் பிரதியும் வீட்டுப் போன் இலக்கமும் எப்போதும் இருக்கட்டும்.

கையெழுத்தில் கவனமாக இருங்கள். நுண்கடன் படிவம், காணிப் பத்திரம், பிணைக் கையெழுத்து எதையும் இந்தக் காலத்தில் தனியாகப் போட விடாதீர்கள். வாசித்து விளங்கிச் சம்மதித்தவர் பத்து நிமிடத்தில் என்னத்துக்குச் சம்மதித்தோம் என்று மறப்பார், எழுதியது மட்டும் நிற்கும். அதற்காக அவர் காசு அவர் கையில் இல்லாமலும் செய்யாதீர்கள். சிறு தொகை பையில் இருக்கட்டும், செலவு கொப்பியில் ஏறட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு பற்றிக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகச் சமூகசேவை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். கையும் காலும் தேறி மறதி மட்டும் நிற்பவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இல்லாதவர்களைத் தேடும்போது

"தம்பி எங்கை, இன்னும் வரேல்லையோ?" தம்பி 2009இல் போய்விட்டான். அல்லது போனானா இருக்கிறானா என்று இன்றுவரை தெரியாது. வன்னியில் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. புதிய நினைவு பதியாத ஒருவருக்கு அந்த இழப்பே சில நேரம் நழுவிவிடுகிறது.

"அவன் செத்துப்போனான், மறந்திட்டியளோ" என்று சொல்வது, அந்தச் செய்தியை அவருக்கு முதன்முறையாகச் சொல்வதாகும். அழுவார், அழுததை மறப்பார், பாரம் மட்டும் காரணம் தெரியாமல் நாள் முழுதும் கிடக்கும். "வருவான்" என்று பொய் சொன்னால் படலையையே பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் ஒரு வழி உண்டு. அருகில் இருந்து, "தம்பியை நினைச்சுக்கொண்டிருக்கிறியள் போலை. அவன் சின்னனிலை என்ன செய்வான், சொல்லுங்கோ" என்று அவரைப் பேச விடுங்கள். பழைய நினைவு அவரிடம் பத்திரமாக இருக்கிறது, அதைச் சொல்லும்போது மனம் அமரும். நேரே பார்த்து "உயிரோடை இருக்கிறானோ" என்று கேட்டால் மட்டும் மறைக்காமல், மெதுவாக, ஒரு முறை சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். காணாமல் போனவர் என்றால் "இன்னும் தெரியாது, தேடிக்கொண்டுதான் இருக்கிறம்" என்பதே உண்மையும் பதிலும். எப்படிச் சொல்வது என்று வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லில் பேசி வையுங்கள். பதில் சொல்பவருக்கும் இது தாங்க முடியாதது. அந்தப் பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் போடாதீர்கள்.

இரவில் பங்கருக்குள் ஓட வேண்டும் என்று எழும்புவோரும் உண்டு. விவாதிக்காமல் விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இடத்தைச் சொல்லுங்கள். அடிக்கடி வந்தால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு உதவும்.

வயலுக்குத் திரும்புதல்

காலபோகம் தொடங்க வயலைப் பார்க்க வேண்டும் என்று நிற்பவரை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். கை பழகிய வேலை அவருக்கு மருந்தும் கூட. காலையில் ஒரு மணித்தியாலம், கூட ஒருவர், ஒரே ஒரு வேலை என்று தொடங்குங்கள். தவறு நடக்கும் இடம் தெரிந்ததுதான்: ஒரே வரம்புக்குள் இரண்டு தரம் உரம், வாய்க்கால் திறந்து விட்டு மூட மறத்தல், மருந்து கலக்கும் அளவு. உரம் போட்டு முடித்த துண்டின் மூலையில் துணி கட்டிய தடி ஊன்றுங்கள். தண்ணீர் திறந்தவர் மண்வெட்டியை வாய்க்கால் கட்டிலேயே குத்தி வைக்கட்டும், அது தோளில் இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று பழக்குங்கள். நஞ்சு கலப்பதும் தெளிப்பதும் அவருக்கு வேண்டாம்.

உடனே வெளிக்கிட வேண்டிய நேரம்

முகம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் நேரத்தைப் பார்த்து எழுதிவிட்டு 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்கலாம். கடைசியாக நல்லாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று. வழியில் அஸ்பிரின், தேத்தண்ணி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள்.

முகமும் கையும் சரியாக இருந்து, சில மணித்தியாலத்திலோ இரண்டொரு நாளிலோ மட்டும் ஆள் மாறாட்டமானாலும் அன்றே காட்டுங்கள். பார்வை ஒரே இடத்தில் நிலைத்து வாய் மென்று சில நிமிடம் எதுவும் தெரியாமல் இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம். முடிந்தால் போனில் படம் பிடியுங்கள். விழுந்து தலை அடிபட்டவர், அதிலும் வோர்ஃபரின் எடுப்பவர், காயம் தெரியாவிட்டாலும் காட்டப்பட வேண்டும். மாதக்கணக்கில் மெல்லச் சரிந்து, அல்லது படி படியாக இறங்கி வரும் மறதிக்கு அம்புலன்ஸ் தேவையில்லை. ஆனால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் கொப்பியையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு, களைக்காத ஒரு காலையில் முன்கூட்டியே போய்க் காட்டுங்கள்.